ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் வீடு வரை: காசநோய்ச் சிகிச்சையின் அனுபவம்

பெங்களூர் நகரின் வடமேற்கே, தும்கூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பீன்யா தொழிற்பேட்டை ஆசியாவின் மிகப் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1970-களில் உருப்பெற்ற இப்பகுதியில் கடைசல் பட்டறைகள், வார்ப்பாலைகள், மின்முலாம் பூசும் கூடங்கள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் என ஆயிரக்கணக்கான சிறு தொழிலகங்கள் இயங்கி வருகின்றன. அவற்றில் உழைப்போரில் கணிசமானவர்கள் வெளியூர்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். சிறிய வாடகை அறைகளில் பலர் கூடி வசிப்பது இத்தகைய தொழிற்பகுதிகளின் பொது இயல்பு. வார்ப்பாலைகளிலும் சாணை பிடிக்கும் இடங்களிலும் எழும் மணல் தூசு நுரையீரலைக் கெடுப்பதோடு காசநோய்க்கும் வழி திறந்துவிடுகிறது என்பது தொழில்நல மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த செய்தியாகும்.

இத்தகைய தொழிலாளி ஒருவருக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அவர் அரசு சுகாதார நிலையத்தை அடைந்ததும் நிகழ்வது யாது? அவரது சளி ஒரு சிறு குப்பியில் பெறப்பட்டுப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது. கிருமி இருப்பது உறுதியானால் பல மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரைகள் ஆறு மாத காலத்துக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தவாறே மருந்து உண்ணலாம். மருந்தை அவர் தவறாது உட்கொள்கிறாரா என்பதைக் கவனிக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு.

இவை யாவும் இன்று இயல்பானவையாகத் தோன்றக்கூடும். ஆயினும் இவற்றுள் எதுவும் தானாக வந்ததன்று. வீட்டுச் சிகிச்சை, சளிப் பரிசோதனை, மருந்து உண்பதைக் கண்காணித்தல் ஆகிய ஒவ்வொன்றின் பின்னாலும் முறையான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. அவ்வாராய்ச்சிகளுள் முக்கியமானவை சென்னையிலும் பெங்களூரிலும் நடைபெற்றவை. அவற்றுள் ஒன்றின் முடிவு மூன்றே ஆண்டுகளில் தேசியக் கொள்கையாயிற்று. மற்றொன்று சுமார் முப்பது ஆண்டுகள் காத்துக் கிடந்தது. ஒரே நோய், ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே காலம். இருந்தும் இத்துணை வேறுபாடு ஏன் என்பது மருத்துவ மாணவர்களும் நிர்வாகிகளும் ஆராய வேண்டிய வினாவாகும்.

படுக்கையா, வீடா?

காசநோய்க் கிருமியை வெல்லும் மருந்துகள் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்தன. 1943-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தார். அதன் பின் பி.ஏ.எஸ். என்னும் மருந்தும், 1952-ல் ஐசோனியாசிடும் சிகிச்சைக்கு வந்தன. ஐசோனியாசிட் மலிவானது, வாய்வழி உண்ணத்தக்கது. ஆய்வுக்கூடத்தின் பணி அத்துடன் முடிந்துவிட்டதென்றே கூறலாம். ஆனால், இந்தியாவைப் பொறுத்தவரை சிக்கல் அப்போதுதான் தொடங்கியது.

அந்நாளைய மருத்துவ நூல்களின்படி காசநோயாளி சானடோரியத்தில் தங்க வேண்டும். நல்ல காற்று, நிறைந்த உணவு, முழு ஓய்வு ஆகியவை சிகிச்சையின் உயிர்நாடி எனக் கருதப்பட்டன. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இக்கொள்கையின் தென்னிந்தியச் சின்னமாக விளங்கியது. ஆனால், நாட்டில் நோயாளிகள் இருந்ததோ லட்சக்கணக்கில். படுக்கைகள் இருந்ததோ ஆயிரக்கணக்கில். 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய மாதிரி ஆய்வு, காசநோய் நகரங்களின் நோய் மட்டுமன்று, கிராமங்களிலும் ஏறக்குறைய அதே அளவில் உள்ளது என்று காட்டியபோது, படுக்கைகளைப் பெருக்கிச் சிக்கலைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கைக்கு இடமில்லாமற் போயிற்று.

இந்நிலையில் 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். மையம் எடுத்துக்கொண்ட முதற் கேள்வி மிக எளியது: நெரிசலான வீட்டில், எளிய உணவோடு, அன்றாட வேலையையும் விடாமல் மருந்து உண்ணும் ஏழை நோயாளி, சானடோரியத்தில் ஓய்வெடுத்து அதே மருந்தை உண்ணும் நோயாளியைப் போலக் குணமடைவாரா?

193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றொரு பிரிவினர் சானடோரியத்திலும் ஓராண்டு காலம் ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ். மருந்தும் உட்கொண்டனர். வீட்டில் இருந்தோரை ஊழியர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று கண்டனர். மிஞ்சியிருந்த மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உண்மையில் உள்ளே சென்றதா என்று பார்த்தனர். ஓராண்டு முடிவில் வீட்டில் சிகிச்சை பெற்றோரில் 86 சதவீதத்தினரும், சானடோரியத்தில் பெற்றோரில் 92 சதவீதத்தினரும் கிருமி நீங்கிய நிலையை எய்தியிருந்தனர். ஐந்தாண்டுக் காலத் தொடர் கண்காணிப்பில் இச்சிறு வேறுபாடும் மறைந்தது. இதனினும் வியப்பூட்டியது மற்றொரு முடிவு. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவரது குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. சிகிச்சை தொடங்கியபின் அது விரைவாகத் தணிந்துவிடுகிறது.

1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த இவ்வாய்வு உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவதற்கு வழிகோலியது. இந்தியாவில் 1962-ல் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டு தொடங்கப்பட்டது. ஆய்வின் முடிவுக்கும் அரசின் திட்டத்துக்கும் இடையே கழிந்தது மூன்றாண்டு மட்டுமே. எந்த நாட்டின் மருத்துவ வரலாற்றிலும் இது விரைவான வேகமாகும்.

தும்கூர்ச் சாலையில் கிடைத்த விடை

மருந்தை எங்கே கொடுப்பது என்பது தெளிவாயிற்று. யாருக்குக் கொடுப்பது என்பது அடுத்த வினா. கிராமங்களில் சிதறிக் கிடக்கும் நோயாளிகளைக் கண்டுபிடிக்க வேண்டுமே!

இதற்கென 1959-ல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. பெல்லாரி சாலையில் மைசூர் அரச குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த அவலான் என்ற மாளிகையில் அமைந்த இந்நிறுவனத்தை 1960-ல் பிரதமர் நேரு முறைப்படி திறந்து வைத்தார். இதன் சிறப்பு, மருத்துவரோடு சமூகவியலாளர், புள்ளியியலாளர், பொதுநலச் செவிலியர் ஆகியோரும் ஒரே குழுவில் இருந்ததுதான். மருந்தைப் பற்றிய ஆராய்ச்சி சென்னையில் நடைபெற, அம்மருந்தைக் கொண்டு சேர்க்கும் முறை பற்றிய ஆராய்ச்சியைப் பெங்களூர் மேற்கொண்டது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

அக்காலத்தில் வல்லுநர் பலர் நம்பியது இதுவே: கிராமவாசி அறியாமையில் ஆழ்ந்தவர், நோயின் அறிகுறியை உணராதவர், எனவே எக்ஸ்ரே வண்டிகள் ஊர் ஊராகச் சென்றுதான் நோயாளிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த நம்பிக்கையைத் தேசியக் காசநோய் நிறுவனத்தின் குழு, இன்று பீன்யாவைக் கடந்து செல்லும் அதே சாலையின் மறுமுனையில், தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் சோதித்தது. சமூகவியல் நோக்கில் அமைந்த அவ்வாய்வை பானர்ஜி, ஆண்டர்சன் ஆகிய இருவரும் 1963-ல் வெளியிட்டனர். சளியில் கிருமி இருந்தோரில் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கோளாறு என்பதை உணர்ந்தே இருந்தனர். பலர் கவலையும் கொண்டிருந்தனர். ஏறத்தாழ பாதிப் பேர் ஏற்கனவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்தின் வாயிலை மிதித்திருந்தனர்.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. சளியை எவரும் சோதிக்கவில்லை.

நோயாளி மருத்துவமனையைத் தேடி வந்தார். மருத்துவமனைதான் அவரை அடையாளம் காணவில்லை. அறியாமை என்ற குற்றச்சாட்டு இவ்வாறு முகம் மாறியது. விலையுயர்ந்த எக்ஸ்ரே வண்டிகளுக்குப் பதிலாக, மாவட்டத்தின் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ஒரு நுண்ணோக்கியும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் இருந்து, இருமலோடு வருபவரின் சளியைச் சோதித்தாலே தொற்றுப் பரப்பும் நோயாளிகளில் பெரும் பகுதியினரைக் கண்டறிந்துவிடலாம் என்று நிறுவனத்தின் பிந்திய ஆய்வுகள் காட்டின. மாவட்டக் காசநோய்த் திட்டத்தின் வரைபடமே இம்முடிவின் மேல் எழுப்பப்பட்டதாகும்.

கண்டறியாது விட்டால் என்ன நேரும் என்பதையும் இந்நிறுவனமே அளந்து காட்டியது. பெங்களூர் மாவட்டத்தின் 119 கிராமங்களில் 1961 முதல் 1968 வரை நடந்த தொடராய்வின்படி, முறையான சிகிச்சைத் திட்டம் எட்டாத நிலையில், கிருமியுள்ள நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் ஐந்தாண்டுக்குள் இறந்தனர். மூன்றில் ஒரு பங்கினர் தாமாகவே தேறினர். எஞ்சியோர் கிருமியைப் பரப்பியவாறே உயிர் வாழ்ந்தனர். 1974-ல் வெளியான இக்கணக்கு இன்றும் உலகெங்கும் காசநோய்ப் பாடங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு கண்டுபிடிப்பு நடைமுறைக்கு வரத் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய விலை அந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

முப்பதாண்டுத் தாமதம்

சென்னை மையம் வீட்டுச் சிகிச்சையை நிலைநாட்டிய அதே வேளையில் அதன் பலவீனத்தையும் கண்டுகொண்டது. சில மாதங்களில் இருமல் நின்று உடல் தேறியதும் நோயாளி மருந்தை நிறுத்திவிடுகிறார். இது படிப்பறிவு பற்றிய பிரச்சினையன்று. எந்த நாட்டிலும் எந்த நோயிலும் காணப்படும் மனித இயல்பு. ஆகவே மருந்தை வாரம் இருமுறை மட்டும், ஆனால் ஊழியரின் கண்முன்னே, கொடுத்துப் பார்த்தனர். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிடும் வாரம் இருமுறை நேரடிக் கண்காணிப்பில் அளிக்கப்பட்ட பிரிவினர், வீட்டில் தாமே நாள்தோறும் மருந்து உண்ட பிரிவினருக்குச் சற்றும் குறைவின்றித் தேறினர். 1964-ல் இம்முடிவு வெளியாயிற்று. நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்று பின்னாளில் உலகம் வழங்கிய முறையின் அறிவியல் அடித்தளங்களுள் இது முதன்மையானது.

ஆயினும், தேசியத் திட்டத்தில் இம்முறை பரவலாக இடம்பெறவில்லை. 1970-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய ஆய்வுகள் ரிஃபாம்பிசின் சேர்த்தால் சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகக் குறைக்கலாம் என்று காட்டின. சென்னையிலும் குறுகியகாலச் சிகிச்சை பற்றிய ஆய்வுகள் நடந்தன. ரிஃபாம்பிசினின் அன்றைய விலை ஒரு தடையாயிற்று. 1983-ல்தான் சில மாவட்டங்களில் குறுகியகாலச் சிகிச்சை சோதனை முறையில் தொடங்கப்பட்டது. இதற்கிடையில், 1970-களின் பிற்பகுதியிலிருந்து டான்சானியாவில் டச்சு நிபுணர் ஸ்டிப்லோ, சளிப் பரிசோதனை, கண்காணிப்பு, தடையற்ற மருந்து வழங்கல், ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவேடு ஆகியவற்றை ஒருங்கே பிணைத்து ஒரு தேசியத் திட்டத்தை நடத்திக் காட்டினார். அவர் கையாண்டவற்றுள் பல கூறுகள் சென்னையிலும் பெங்களூரிலும் ஏற்கனவே மெய்ப்பிக்கப்பட்டவை. நம் நாட்டு விதை, ஆப்பிரிக்க மண்ணில் முளைத்துத் திரும்பி வந்தது எனலாம்.

1992-ல் இந்திய அரசு, உலக சுகாதார நிறுவனம், ஸ்வீடனின் வளர்ச்சி உதவி நிறுவனம் ஆகியவை சேர்ந்து தேசியத் திட்டத்தை மறு ஆய்வு செய்தன. சளிப் பரிசோதனை புறக்கணிக்கப்பட்டு எக்ஸ்ரேயையே மிகுதியாக நம்பியிருந்தமை, மருந்துப் பற்றாக்குறை, நிதிக் குறைவு, சிகிச்சை தொடங்கியோரில் பாதிப் பேர்கூட அதை நிறைவு செய்யாமை ஆகியன வெளிப்பட்டன. 1963-ல் தும்கூர்க் கிராமங்கள் சொன்னதும், 1964-ல் சென்னை மையம் சொன்னதும் முப்பதாண்டுகளுக்குப் பின்னர் குழுவின் பரிந்துரைகளாக மீண்டும் எழுதப்பட்டன. 1993-ல் திருத்திய தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. அது நாடு முழுவதையும் எட்டியது 2006 மார்ச் மாதத்தில்.

ஏன் இந்த வேறுபாடு? பணப் பற்றாக்குறை ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அது முழு விளக்கமாகாது. வீட்டுச் சிகிச்சை அரசின் சுமையை இறக்கி வைத்தது. கட்ட வேண்டிய சானடோரியங்களைக் கட்ட வேண்டாம் என்றது. அத்தகைய ஆராய்ச்சி முடிவை ஏற்க எந்த நிதித்துறையும் தயங்குவதில்லை. சளிப் பரிசோதனையும் நேரடிக் கண்காணிப்பும் அவ்வாறல்ல. அவை ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ஒவ்வொரு நாளும் ஓர் ஊழியர் செய்ய வேண்டிய வேலையைக் கூட்டின. சளிக் கண்ணாடித் தகட்டைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்ப்பது எவரும் விரும்பும் பணியன்று. எக்ஸ்ரே படம் எடுப்பது கௌரவமானது, விரைவானது. ஆக, செலவைக் குறைத்த முடிவு மட்டும் ஓடி வந்தது; உழைப்பைக் கூட்டிய முடிவுகள் கோப்புகளில் தங்கின. புதிய மருத்துவ முறையொன்றை மதிப்பிடும்போது அதன் பயனையும் விலையையும் கணக்கிடும் நிர்வாகிகள், அது யாருடைய அன்றாட வேலையை எவ்வளவு கூட்டுகிறது என்ற மூன்றாவது கணக்கையும் போடாவிடில், இந்த வரலாறு மீளும் வாய்ப்பு உண்டு.

நடைமுறையில் பரவிய பின்னர் சோதிக்கப்பட்டுத் தேறாதவையும் உள என்பதை இங்குக் குறிப்பிடுதல் தகும். பி.சி.ஜி. தடுப்பூசி 1948 முதல் கிண்டி ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்டுக் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. 1968-ல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் கள ஆய்வின் முதல் முடிவுகள் 1979-80-ல் வந்தபோது, வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்கு அதனைப் போடுவது தொடர்கிறது.

கையடக்கக் கருவியும் மாத்திரை அட்டையும்

நுண்ணோக்கி மலிவானது, ஆயினும், சளியில் கிருமி மிகுதியாக இருந்தால்தான் அதன் கண்ணுக்குப் புலப்படும். மருந்துக்கு அடங்காத கிருமியா என்பதையும் அது கூறாது. கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் தானியங்கிக் கருவி ஒன்றை 2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. மேலைநாட்டுத் தயாரிப்பான அக்கருவிக்குத் தடையற்ற மின்சாரமும் வெப்பம் மிகாத அறையும் தேவைப்பட்டன. மாவட்டத் தலைநகரத்து மருத்துவமனைக்கு அது பொருந்தும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் பொருந்தாது.

பெங்களூரின் பிக்டெக் ஆய்வகம் இக்குறையையே கருத்திற்கொண்டு பல ஆண்டுகள் உழைத்து, அதே வகைப் பரிசோதனையை மின்கலத்தால் இயங்கும் சிறு கருவியில் அடக்கியது. விஞ்ஞான தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியும் இதற்குக் கிடைத்தது. கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் வாயிலாக ட்ரூநாட் என்ற பெயரில் அது வெளிவந்தது. சளியிலிருந்து பிரித்தெடுத்த மரபணுப் பொருளின் ஒரு துளியைச் சிறிய சில்லொன்றில் இட்டால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கிருமி உண்டா இல்லையா என்பது தெரிகிறது. மேலும் ஒரு மணி நேரத்தில் ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதும் தெரிகிறது. கருவி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவர்களே சொல்வது போதாதல்லவா? இந்தியா, பெரு, எத்தியோப்பியா, பாப்புவா நியூகினி ஆகிய நான்கு நாடுகளில் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் மட்டத்திலேயே அது சோதிக்கப்பட்டது. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பரிந்துரைத்தது.

அதே ஆண்டில் கொரோனா பரவியது. ஏப்ரலில் இக்கருவியைக் கொரோனாப் பரிசோதனைக்கும் பயன்படுத்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அனுமதித்தது. ஒரு நோய்க்கென உருவான கருவி மற்றொன்றுக்கும் கைகொடுத்தது சிறப்பே. எனினும், ஊரடங்காலும் ஊழியரும் கருவிகளும் வேறு பணிக்குத் திரும்பியதாலும், 2019-ல் 24.04 லட்சமாக இருந்த காசநோய்ப் பதிவுகள் 2020-ல் 18.05 லட்சமாகச் சரிந்தன. நோய் குறையவில்லை; கண்டறிதல்தான் குறைந்தது.

மருந்து உண்பதைக் கண்காணிப்பதிலும் பெங்களூரில் ஒரு முயற்சி தோன்றியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இந்திய ஆராய்ச்சிப் பிரிவில் உருவான முறையில், மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கியதும் அதன் அடியில் மறைந்திருக்கும் தொலைபேசி எண் வெளிப்படும். நோயாளி அதற்குக் கட்டணமின்றி அழைத்தால் அன்றைய மருந்து உட்கொள்ளப்பட்டதாகப் பதிவாகும். நாள்தோறும் மருந்தகத்துக்கு அலைய இயலாத கூலித் தொழிலாளிக்கு இது நல்ல மாற்றாகத் தோன்றியது. ஆனால், சென்னை, வேலூர், மும்பை ஆகிய இடங்களில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினர் நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்து ஒப்பிட்டபோது, தொலைபேசிப் பதிவு உண்மையை நம்பத்தக்க அளவுக்குக் காட்டவில்லை என்று 2020-ல் வெளியான ஆய்வு கூறியது. மருந்து உண்டவர் அழைக்காமல் விட்டதும் உண்டு. உண்ணாதவர் அழைத்ததும் உண்டு. 1956-ல் தொடங்கிய சென்னை மையத்தின் இன்றைய பெயரே தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்பதும், அது தன் முதல் ஆய்வில் கையாண்ட சிறுநீர்ப் பரிசோதனைதான் புதிய தொழில்நுட்பத்துக்கும் உரைகல்லாயிற்று என்பதும் கவனத்துக்குரியன.

உணவு பற்றிய பிழையான வாசிப்பு

சென்னையின் முதல் ஆய்வில் வீட்டு நோயாளிகள் உண்ட உணவு சானடோரிய உணவைவிடத் தரத்தில் குறைந்தது. இருந்தும் அவர்கள் குணமடைந்தனர். தக்க மருந்து இருப்பின் கிருமி நீங்குவதற்கு ஊட்டமிக்க உணவு இன்றியமையாததன்று என்பதே அதன் சரியான பொருள். காலப்போக்கில் அது, காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பில்லை என்பதாகத் திரிந்துவிட்டது. நோயாளிக்கு மாத்திரை மட்டும் போதும் என்று பல்லாண்டுகள் கருதப்பட்டன.

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடைபெற்று 2023-ல் வெளியான ஆய்வு இக்கேள்வியை வேறு முனையிலிருந்து அணுகியது. நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் தொடக்க மாதங்களில் எடை கூடியோரிடையே இறப்பு பெரிதும் குறைந்திருந்தது. கிருமியைக் கொல்வது மருந்து. நோய் வராமல் தடுப்பதிலும் நோயாளி உயிர் பிழைப்பதிலும் உணவுக்குப் பங்குண்டு. இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரு வெவ்வேறு கேள்விகளுக்கு விடையளித்தன. ஆராய்ச்சி முடிவை அது கேட்ட கேள்வியோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் மாணவர்களுக்குக் கிடைப்பது அரிது. 2018 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நோயாளிக்கும் ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பரில் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பீன்யாவின் கேள்விகள்

தொழிற்பேட்டையின் தொழிலாளிக்கு மருந்து இலவசம், பரிசோதனை இலவசம். அவர் இழப்பது கூலியை. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. தகுதியுள்ள காப்பீட்டாளருக்கு ஊதியத்தில் 80 சதவீதம் வரை, இரண்டாண்டு காலம் வரை நீட்டித்த நோய்க்கால உதவி கிடைக்கும். 2017 முதல் மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளோர் இத்திட்டத்துக்கு உட்படுகின்றனர். ஆனால், சிறு பட்டறைகளில் ஒப்பந்ததாரரின் கீழ் பதிவின்றி வேலை செய்பவருக்கு இப்பாதுகாப்பு இல்லை. காய்ச்சலோடு இயந்திரத்தின் முன் நிற்பதா, சொந்த ஊருக்கு ரயில் ஏறுவதா என்பதே அவர் முன்னுள்ள தேர்வு. ஊருக்குச் சென்றால், பெங்களூரில் தொடங்கிய சிகிச்சை அங்கே விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இணையப் பதிவேடு வந்த பின்னர் இது முன்னைவிட எளிதாகியுள்ளது. எனினும், அப்பதிவேட்டைத் திறந்து பார்த்து நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்ட ஓர் ஊழியர் வேண்டும்.

தடுப்பு மருந்து பற்றிய விதியும் இங்கே சிக்கலுக்குள்ளாகிறது. நுரையீரல் காசநோயாளியோடு ஒரே வீட்டில் வசிப்போர் அனைவரையும் சோதித்து, நோயில்லாதவர்க்குத் தடுப்பு மருந்து வழங்க வேண்டும் என்பது 2021-ல் வெளியான தேசிய வழிகாட்டி நெறி. ஒரே அறையில் இரவைக் கழித்தோர் உறவினராயினும் அல்லாதவராயினும் இவ்வரையறையில் அடங்குவர். ஆகவே பீன்யாவின் வாடகை அறையில் உடன் தங்கிய நான்கு பேரும் உரியவர்களே. குடும்ப அட்டையிலோ அவர்களின் பெயர்கள் ஒன்றாக இருப்பதில்லை. உடன் தங்கியவருக்கு நோய் எனத் தெரிந்ததும் அறையைக் காலி செய்துவிட்டு வேறிடம் செல்வோரும் உண்டு. சுகாதார ஊழியர் முகவரியைத் தேடி வருவதற்குள் அந்த அறையில் வேறு நால்வர் குடியேறியிருப்பர்.